பிளேட்லெட் குறைவு என்று எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடலாமா?

சிங்கப்பூரின் யீஷூன் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணவருக்கு வயது 59. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நீரிழிவு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. சிறுவயதிலிருந்து ஆஸ்துமா உண்டு. மது தொட்டதில்லை. சென்ற ஆண்டு பலதுறை மருந்தகத்தில் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 71 என்று வந்தது. அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேனும், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் எடுத்துப் பார்த்ததில், கொழுப்புக் கல்லீரல் முற்றி, கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நிலைக்குப் போயிருப்பது தெரிந்தது. மண்ணீரல் 15.5 சென்டிமீட்டருக்கு வீங்கியிருந்தது. இந்த ஆண்டு பிளேட்லெட் 58. வெள்ளை அணுக்களும் கொஞ்சம் குறைவு.

மருத்துவர் எண்டோஸ்கோப்பிக்கு, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு உணவுக்குழாயையும் இரைப்பையையும் பார்க்கும் சோதனைக்கு, நாள் குறித்தார். "ரத்தம் உறையாத உடம்பில் குழாயை விட்டால் உள்ளே கிழிந்து ரத்தம் கொட்டாதா?" என்ற பயத்தில் இரண்டு முறை அந்த நாளை ரத்து செய்திருக்கிறார்கள். கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி வீங்குகிறது. பல் மருந்தகத்தில், பிளேட்லெட் ஒரு லட்சத்தைத் தாண்டாமல் பல் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். முன்பு அண்ணன் மகனுக்கு டெங்கி வந்தபோது பிளேட்லெட் ஏற்றியதும், பப்பாளி இலைச்சாறு கொடுத்ததும் வீட்டில் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதனால் இரண்டு வாரம் இலைச்சாறு கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த பரிசோதனையில் 63. வீட்டில் பெரிய நிம்மதி.

அவர் கேட்பவை இவை: மாதம் ஒரு முறை பிளேட்லெட் ஏற்றிக்கொள்ளலாமா? மண்ணீரலை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? ரத்தப் புற்றுநோயாக இருந்து அதை எங்களிடம் மறைக்கிறார்களா? பதினாறு ஆண்டுகளாகத் தைப்பூசத்துக்கு அலகுக் காவடி எடுக்கிறார், இந்த ஆண்டும் எடுக்கலாமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எத்தனை இரவு தூங்காமல் இதை யோசித்திருப்பீர்கள் என்பது வரிக்கு வரி தெரிகிறது. நீங்கள் கேட்ட நான்கு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நீங்கள் ரத்து செய்த அந்த எண்டோஸ்கோப்பிதான் இப்போது உங்கள் கணவருக்கு மிகவும் தேவையானது. பிளேட்லெட் குறைந்திருப்பதால் அதைத் தள்ளிப்போட்டீர்கள். பிளேட்லெட் குறைந்திருப்பதால்தான் மருத்துவர் அதைச் செய்யச் சொன்னார். ஏன் என்று விளக்கிவிட்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

58 என்ற எண் எதைக் காட்டுகிறது

அறிக்கையில் 58 என்றால், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 58,000 பிளேட்லெட், அதாவது தட்டணுக்கள், இருக்கின்றன என்று பொருள். ஆரோக்கியமானவர்களுக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து நான்கு, நாலரை லட்சம் வரை இருக்கும். ஆகவே குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கல்லீரல் மருந்தகத்தில் இந்த எண் அன்றாடம் பார்ப்பது. சிரோசிஸ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் பிளேட்லெட் குறைந்தே இருக்கும்.

எங்கே போகின்றன அவை? உங்கள் கணவர் ஓட்டுநர் என்பதால் அவருக்குப் புரியும்படி சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு பிஐஇ விரைவுச்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்துகிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வண்டிகள் என்ன செய்யும்? கிளைச்சாலைகளில் தேங்கும். பக்கத்துக் கார்நிறுத்துமிடங்கள் நிரம்பும். சில வண்டிகள் குறுகலான சந்துகளில் புகுந்து போகப் பார்க்கும். கல்லீரலிலும் இதுதான் நடக்கிறது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தமெல்லாம் போர்ட்டல் சிரை என்ற ஒரே பெரிய குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் போக வேண்டும். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டதால் அந்தச் சாலை அடைபடுகிறது. குழாயில் அழுத்தம் ஏறுகிறது. பின்னால் இருக்கும் மண்ணீரல் வீங்குகிறது. சாதாரணமாக உடம்பின் பிளேட்லெட்டில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும். அது நன்றாக வீங்கிவிட்டால் பத்தில் ஒன்பது பங்கு வரைகூட அங்கேயே தேங்கிவிடலாம். அவை செத்துப்போகவில்லை. உங்கள் கணவரின் பிளேட்லெட்டில் பெரும்பகுதி அந்தக் கார்நிறுத்துமிடத்தில் நிற்கிறது. கையில் ஊசி போட்டு எடுக்கும் ரத்தத்தில் அவை எண்ணிக்கைக்கு வருவதில்லை.

இரண்டாவது காரணமும் உண்டு. பிளேட்லெட் எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகிறது. "உற்பத்தி செய்" என்று மஜ்ஜைக்குக் கட்டளை கொடுக்கும் சுரப்பை முக்கியமாகக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. திரோம்போபொய்டின் என்பது அதன் பெயர், 1994ல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரல் தளர்ந்தால் அந்தக் கட்டளையும் தளர்கிறது. மது, ஹெபடைட்டிஸ் சி கிருமி, ஃபோலேட் சத்துக்குறைவு போன்றவை மஜ்ஜையை நேரடியாகவும் பாதிக்கும். உங்கள் கணவருக்கு மது இல்லை, அந்தக் கிருமியும் இல்லை என்று அறிக்கையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

ரத்தப் புற்றுநோய்க் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. வீங்கிய மண்ணீரல் வெள்ளை அணுக்களையும் பிடித்துவைத்துக்கொள்ளும். சிரோசிஸ், பெரிய மண்ணீரல், மெதுவாக இறங்கும் பிளேட்லெட், லேசாகக் குறைந்த வெள்ளை அணு, இவை எல்லாம் சேர்ந்தால் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. யாரும் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. இன்னும் மனம் கேட்கவில்லை என்றால், ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனை செய்தார்களா என்று அடுத்த முறை கேளுங்கள். ஊதா மூடிக் குப்பியில் சில பேருடைய பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டுவதும் உண்டு. அதையும் ஸ்மியர் காட்டிவிடும்.

குறைந்த பிளேட்லெட் என்றால் ரத்தம் உறையாதா?

"ரத்தம் உறையாத உடம்பு" என்று நீங்கள் எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினோம்.

ரத்தம் உறைவதற்கான புரதங்களையும் கல்லீரல்தான் செய்கிறது, அளவுக்கு மேல் உறையாமல் தடுக்கும் புரதங்களையும் அதுதான் செய்கிறது. கல்லீரல் பழுதானால் இரண்டுமே குறைகின்றன. தராசின் இரண்டு தட்டிலும் எடை குறைந்தால் முள் நடுவில்தானே நிற்கும். போதாததற்கு, பிளேட்லெட்டை ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் என்ற புரதம் சிரோசிஸில் கூடுகிறது. எண்ணிக்கை குறைந்தாலும், இருக்கும் பிளேட்லெட் நன்றாக வேலை செய்ய அது கைகொடுக்கிறது. அந்தத் தராசு ஆரோக்கியமானவர்களுடையதைப் போல உறுதியானது இல்லை என்பதும் உண்மை. கிருமித்தொற்றோ சிறுநீரகப் பாதிப்போ வந்தால் எந்தப் பக்கமும் சாயலாம். ரத்தம் கட்டிக்கொள்ளும் பக்கமும் சாயலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். நாளைக்கு எதற்காவது மருத்துவமனையில் சேர்த்து, ரத்தக்கட்டு வராமலிருக்க ஊசி போடலாம் என்று மருத்துவர் சொன்னால், "பிளேட்லெட்தான் குறைவாயிற்றே, வேண்டாம்" என்று உடனே மறுக்காமல் அவர் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள்.

அப்படியானால் சிரோசிஸ் நோயாளிகள் ரத்த வாந்தி எடுத்து இறந்துபோனதாகக் கேள்விப்படுகிறோமே, அது என்ன? மறுபடி பிஐஇக்கு வாருங்கள். குறுகலான சந்துகளில் புகுந்த வண்டிகள் என்றேன் அல்லவா? கல்லீரலுக்குள் போக முடியாத ரத்தம், உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் இரைப்பையிலும் உள்ள மெல்லிய சிரைகள் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்தச் சிரைகள் அவ்வளவு ரத்தத்துக்காக அமைந்தவை அல்ல. புடைக்கின்றன, சுருள்கின்றன, ஒரு நாள் வெடிக்கின்றன. அறிக்கைகளில் வேரிசஸ் என்று எழுதுவது இவற்றைத்தான். அது வெடிப்பது அழுத்தத்தால். பிளேட்லெட் ஒன்றரை லட்சம் இருந்தாலும் அழுத்தம் ஏறிய குழாய் வெடிக்கத்தான் செய்யும். இன்றைக்கு இருக்கும் நல்ல சிகிச்சைகளுக்கு நடுவிலும், அப்படி ரத்தம் கசிந்தவர்களில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் பேர் ஆறு வாரத்துக்குள் இறந்துபோகிறார்கள். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. வெடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்தால் தடுக்க வழி இருக்கிறது என்பதற்காக எழுதுகிறேன்.

இப்போது அந்த 58ஐத் திரும்பப் பாருங்கள். மண்ணீரல் வீக்கமும் குறைந்த பிளேட்லெட்டும், போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறிவிட்டது என்று உடம்பு கொடுக்கும் செய்தி. 2015ல் இத்தாலியின் பவேனோவில் கூடிய கல்லீரல் மருத்துவர்கள், பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலும் ஃபைப்ரோஸ்கேன் அளவு 20 கிலோபாஸ்கலுக்குக் கீழும் இருந்தால் எண்டோஸ்கோப்பி இல்லாமல் விடலாம் என்று வகுத்தார்கள். உங்கள் கணவருக்கு ஃபைப்ரோஸ்கேன் 27, பிளேட்லெட் 58. இரண்டிலுமே அவர் விடுபடும் வரம்புக்கு வெளியே நிற்கிறார்.

இன்னொன்று. அழுத்தத்தைக் குறைக்க கார்வெடிலால் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றைத் தொடங்கி, சில பேருக்கு எண்டோஸ்கோப்பியைத் தவிர்ப்பதும் உண்டு. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அந்த மாத்திரைகள் மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும் என்பதால் கொடுக்க முடியாது. ஆகவே உங்கள் கணவருக்கு எண்டோஸ்கோப்பிதான் வழி. புடைத்த குழாய்கள் பெரிதாக இருந்தால் அங்கேயே சின்ன ரப்பர் வளையம் மாட்டி அவற்றைச் சுருங்கவைப்பார்கள்.

குழாய் உள்ளே கிழிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். விரல் பருமன்கூட இல்லாத, வளைந்துகொடுக்கும் குழாய் அது. பார்த்துவிட்டு வெளியே வருவதில் ரத்தப்போக்கு வருவது மிக அரிது. 58 என்ற எண்ணிக்கையில் வளையம் மாட்டுவதற்குக்கூட முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்ற வேண்டிய தேவை பொதுவாக வருவதில்லை. இதற்குத்தான் இரண்டு முறை நாள் கொடுத்தார்கள்.

சொத்தைப் பல்

பல் மருந்தகத்தில் எச்சரிக்கையாக இருந்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு லட்சம் வரும்வரை காத்திருந்தால் அந்தப் பல் எடுபடவே எடுபடாது. அந்த எண் இனி அங்கே போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாய்க்குள் சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டிருப்பது நீரிழிவும் சிரோசிஸும் உள்ளவருக்கு நிஜமான ஆபத்து. தொற்று ரத்தத்தில் கலக்கலாம், மெல்ல முடியாமல் சாப்பாடு குறைந்து உடம்பு மெலியலாம்.

2022ல் வந்த ஐரோப்பிய கல்லீரல் வழிகாட்டுதல், பிளேட்லெட் 50,000க்கு மேல் இருந்தால் சிகிச்சைக்கு முன்னால் அதை ஏற்றத் தேவையில்லை என்கிறது. பல் எடுத்த இடம் கைக்கு எட்டும் இடம். பஞ்சு வைத்து அழுத்தலாம், தையல் போடலாம், ரத்தத்தை உறையவைக்கும் ஜெலட்டின் பஞ்சை உள்ளே வைக்கலாம், டிரானெக்சாமிக் அமிலம் கலந்த நீரால் வாய் கொப்பளிக்கலாம். உங்கள் கல்லீரல் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, மருத்துவமனையோடு சேர்ந்த பல் பிரிவுக்கோ தேசிய பல் மருத்துவ நிலையத்துக்கோ பரிந்துரை கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பல் போதும். திங்கள் அல்லது செவ்வாய் காலையில் நாள் வாங்குங்கள், கசிவு இருந்தால் மறுநாளும் மருத்துவர்கள் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம்.

வலிக்கு என்ன கொடுப்பது? கல்லீரலுக்கு ஆகாது என்று பெனடாலை, அதாவது பாராசிட்டமாலை, ஒதுக்கிவிட்டு, மருந்துக்கடையில் கிடைத்த பொன்ஸ்டான் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். சிரோசிஸ் உள்ளவருக்கு ஒரு நாளில் 2 கிராம் வரை, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு வரை, இடைவெளி விட்டுக் கொடுக்கும் பாராசிட்டமால்தான் வலிக்குப் பாதுகாப்பான மருந்து. பொன்ஸ்டான், வோல்டரன், ஐபுப்ரோஃபென் வகையெல்லாம் இருக்கும் கொஞ்சம் பிளேட்லெட்டின் வேலையையும் கெடுக்கும், வயிற்றில் புண் போடும், சிறுநீரகத்தையும் அடிக்கும். அவை வீட்டில் இருந்தால் இன்றைக்கே தனியாக எடுத்துவையுங்கள்.

பிளேட்லெட் ஏற்றுவது, மாத்திரை, மண்ணீரலை எடுப்பது

மாதாமாதம் பிளேட்லெட் ஏற்றும் யோசனைக்கு என் பதில், வேண்டாம். ஏற்றும் பிளேட்லெட்டும் அதே கார்நிறுத்துமிடத்துக்குத்தான் போகும். ஒரு பை ஏற்றினால் எண்ணிக்கை கொஞ்சம் ஏறும், சில நாளில் பழையபடி இறங்கிவிடும். பிளேட்லெட்டின் ஆயுளே எட்டு முதல் பத்து நாள்தான். அடிக்கடி ஏற்றினால் உடம்பு அதற்கு எதிரான புரதங்களை உருவாக்கிக்கொள்ளும். பிறகு நிஜமாகவே தேவைப்படும் நாளில் ஏற்றினால் பலன் இருக்காது.

திரோம்போபொய்டின் போல வேலை செய்யும் மாத்திரைகள் வந்திருக்கின்றன. அவாட்ரோம்போபாக், லுசுட்ரோம்போபாக் என்ற இரண்டுக்கும் 2018ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 50,000க்குக் கீழே இருப்பவருக்கு முன்கூட்டியே திட்டமிட்ட பெரிய சிகிச்சை இருந்தால், அதற்குச் சில நாள் முன்பு ஐந்து அல்லது ஏழு நாள் மட்டும் கொடுப்பவை அவை. தினசரி சாப்பிடும் மாத்திரைகள் இல்லை. இந்த வகையில் முன்பு வந்த எல்ட்ரோம்போபாக் மாத்திரையைக் கல்லீரல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை, போர்ட்டல் சிரையில் ரத்தம் கட்டிக்கொண்டதால் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. எண்ணை உயர்த்துவதற்காகவே எண்ணை உயர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம்.

மண்ணீரலை எடுத்தால் பிளேட்லெட் ஏறும், அதில் சந்தேகமில்லை. கல்லீரல் ஆறாது. போர்ட்டல் சிரையில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்தும், நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் கடுமையாகத் தாக்கும் ஆபத்தும் கூடும். உங்கள் கணவருக்கு இன்று அதற்கான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பப்பாளி இலையும் டெங்கியும்

58 இலிருந்து 63 ஆனது இலைச்சாற்றால் என்று நீங்கள் நம்புவது எனக்குப் புரிகிறது. ஆனால் எதுவுமே கொடுக்காவிட்டாலும் இரண்டு பரிசோதனைக்கு நடுவில் ஐந்து, பத்து ஏறி இறங்குவது வழக்கம். டெங்கியில் கிருமியால் இறங்கிய பிளேட்லெட் காய்ச்சல் தணிந்த சில நாளில் தானாகவே ஏறும். உங்கள் அண்ணன் மகனுக்கு ஏறியதும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் கணவருடையது சாலை அடைப்பு. இலைச்சாறு அந்த அடைப்பைத் திறக்காது. கல்லீரல் நோயில் அது ரத்தப்போக்கைக் குறைத்ததாக ஆதாரம் எதுவும் இல்லை.

அது போகட்டும், இலைச்சாற்றைவிட எனக்குக் கவலை தருவது, "கல்லீரலைச் சுத்தம் செய்யும்" என்று யாரோ கொடுத்த சூரணத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருப்பது. அதில் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலையில் நிறுத்திவிடுங்கள். நம் நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையம், பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்ற சில பொருள்களில் ஸ்டீராய்டும் வலிமாத்திரையும் சொல்லாமல் கலந்திருந்ததாகப் பல முறை எச்சரித்திருக்கிறது. எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில்கொடி சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி 2021ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். இலை, கொடி, வேர் என்பதால் மட்டும் கல்லீரலுக்கு உகந்ததாகிவிடாது. மாதுளைச் சாறும் பேரீச்சையும் பிளேட்லெட்டை ஏற்றாது, சர்க்கரையைத்தான் ஏற்றும். காப்பி குடிப்பவராக இருந்தால் பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி-ஓ கோசோங் தாராளமாகக் குடிக்கட்டும். காப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

டெங்கி என்றதும் ஞாபகம் வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் நாம் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போகும்போது, "இவருக்கு எப்போதுமே 60 சுமார்தான்" என்று சொல்லுங்கள். கைப்பேசியில் பழைய அறிக்கைகளைப் படம் எடுத்து வைத்திருங்கள். அது தெரியாமல் 58ஐப் பார்க்கும் மருத்துவர் டெங்கி முற்றிவிட்டது என்று நினைக்கலாம். வழக்கமான 60 திடீரென்று 25 ஆகிவிட்டால் அதைச் சிரோசிஸ் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தொற்றோ புதிய மருந்தோ சிரையில் ரத்தக்கட்டோ காரணமாக இருக்கலாம், தேடிப் பார்க்க வேண்டும்.

தைப்பூசம்

இந்தக் கேள்வியைக் கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். பதினாறு ஆண்டு நேர்த்தியை நிறுத்து என்று சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை. ஆனால் அலகு வேண்டாம் என்றுதான் சொல்வேன், காரணத்தையும் சொல்கிறேன்.

அலகு குத்தும் இடத்தில் ரத்தம் வருவதைப் பற்றி நான் அவ்வளவு பயப்படவில்லை. தொற்றுக்குத்தான் பயப்படுகிறேன். சிரோசிஸில் கிருமியை எதிர்க்கும் வலு குறைந்துவிடும், நீரிழிவும் சேர்ந்தால் இன்னும் குறையும். தோலில் இத்தனை துளைகள் அவருக்குக் கிருமி நுழையும் வாசல்கள். அந்தத் தராசைச் சாய்ப்பதும் தொற்றுதான் என்று மேலே சொன்னேன். காவடியின் கனத்தைத் தோளில் தாங்கி நடக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தமும் ஏறும். புடைத்த குழாய்கள் இருக்கின்றனவா என்றே தெரியாத நிலையில் அதை நான் அனுமதிக்க மாட்டேன்.

சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை அவர் பால்குடம் எடுத்து நடக்கட்டும். அதற்கு முன் எண்டோஸ்கோப்பி முடிந்து, மருத்துவர் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். நீரிழிவு உள்ள பாதம் என்பதால் முன்பும் பின்பும் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள். சூடும் சின்னக் கல்லும் அவருக்கு உறைக்காமல் போகலாம். முருகன் பால்குடத்தைக் குறைவாக எண்ண மாட்டார் என்பது என் நம்பிக்கை. அவரிடம் இதை நீங்கள் சொல்வதைவிட, கோயிலில் அவர் மதிக்கும் பெரியவர் ஒருவர் சொன்னால் எளிதாக ஏற்பார் என்று தோன்றுகிறது.

அப்புறம் விரதம். நாற்பத்தெட்டு நாளும் ஒருவேளைச் சாப்பாடு என்று எழுதியிருந்தீர்கள். காவடியைவிட எனக்கு இதுதான் பெரிய ஆட்சேபம். பழுதான கல்லீரலால் மாவுச்சத்தைச் சேமித்துவைக்க முடியாது. ஓர் இரவு பட்டினி, ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமம். உடம்பு தசையைக் கரைத்து எரிக்கத் தொடங்கிவிடும். நீரிழிவு மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து பேருந்திலேயே மயங்கக்கூடும். பிள்ளைகள் ஏறும் வண்டி அது. சைவம் தாராளமாக இருக்கட்டும், வேளை தவறக் கூடாது. பருப்பு, கொண்டைக்கடலை, தௌகுவா, தெம்பே, தயிர் என்று புரதம் ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்க வேண்டும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. படுக்கப் போகும் முன் இனிப்பில்லாத சோயாப் பால் ஒரு குவளையும் முழுக்கோதுமை ரொட்டி இரண்டு துண்டும் கொடுங்கள்.

உடனே 995ஐ அழைக்க வேண்டியவை

ரத்த வாந்தி, காப்பித்தூள் போல வாந்தி, தார் போலக் கறுத்துப் பிசுபிசுக்கும் மலம், மயக்கம், திடீர்க் குழப்பம். இவற்றில் எது வந்தாலும் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பகலில் தூங்கி வழிவது, கை உதறுவது, பழக்கப்பட்ட பாதை தடுமாறுவது போன்றவை தெரிந்தால் அன்றே வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கல்லீரல் வடிகட்டாத கழிவு மூளையைத் தொடுவதன் அறிகுறி அது. பல் துலக்கும்போது கொஞ்சம் ரத்தம், கையில் சின்னக் கன்றல் இவற்றுக்குப் பதற வேண்டாம், அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும்.

இனி, நாளைக் காலை செய்ய வேண்டியது. சந்திப்பு அட்டையில் உள்ள எண்ணை அழைத்து, ரத்து செய்த எண்டோஸ்கோப்பிக்குப் புது நாள் கேளுங்கள். இரண்டு முறை ரத்து செய்ததற்காகக் கூச்சப்பட வேண்டாம், யாரும் திட்ட மாட்டார்கள். காரணத்தைச் சொன்னால் மருத்துவர் பேசவும் செய்வார். பகல்நேரச் சிகிச்சை என்பதால் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்து கட்டலாம். மீதித் தொகை பாரமாக இருந்தால் மருத்துவமனையின் மருத்துவ சமூக சேவையாளரைப் பார்க்கக் கேளுங்கள். அன்று காலை எந்த நீரிழிவு மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று தாதியிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா பம்பைக் கையோடு கொண்டுபோகட்டும். மயக்க மருந்து கொடுப்பார்கள், நீங்கள் கூடப் போக வேண்டும். மறுநாளும் பேருந்து ஓட்டாமலிருக்க எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய கல்லீரல் ஸ்கேன் எப்போது என்றும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். சிரோசிஸில் கல்லீரல் புற்றுநோயைச் சிறிதாக இருக்கும்போதே பிடிப்பது அந்த ஸ்கேன்தான்.

எண்டோஸ்கோப்பி அறிக்கை கைக்கு வந்ததும் வேரிசஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இல்லை என்றோ சிறிது என்றோ இருந்தால், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பெரிது என்று இருந்தால் வளையம் மாட்டியிருப்பார்கள், சில வாரத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். அந்த அறிக்கையின் ஒரு நகலைப் பல் மருத்துவரிடம் கொடுப்பதற்கு எடுத்துவையுங்கள்.